குழந்தைமையும் ஆளுமையும்: உளப்பகுப்பாய்வு வரலாற்றில் ஒரு திருப்பம்

தமிழ்த் திறனாய்வில் உளப்பகுப்பாய்வு என்ற சொல் எழுந்தவுடன் ஈடிபஸ் சிக்கலும் கனவு விளக்கமும் பின்தொடர்ந்து வந்துவிடுகின்றன. நாவல் மாந்தரின் செயலுக்குக் காரணம் தேடுவோர் அவர்தம் இளமைக்குச் சென்று, தாயை நேசித்துத் தந்தையை வெறுக்கும் ஒரு சிறுவனை அங்கே கண்டெடுத்துத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. ஃபிராய்டுக்குப் பின் அத்துறை எங்கே சென்றது என்பது நம்மிடையே மிகுதியாகப் பேசப்படவில்லை. குழந்தைப் பருவமே மனிதனை உருவாக்குகிறது என்று உலகுக்கு உரக்கச் சொன்ன அக்கோட்பாடு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் குழந்தைகளின் அன்றாட வாழ்வை நேரில் நோக்காமலேயே வளர்ந்தது. நேரில் நோக்கத் தொடங்கியதும் தன் வடிவத்தையே அது மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அத்திருப்பத்தின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

1896ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் வியன்னாவின் உளமருத்துவர் கழகத்தில் சிக்மண்ட் ஃபிராய்டு ஓர் உரை நிகழ்த்தினார். ஹிஸ்டீரியா நோயாளிகள் பதினெண்மரின் வரலாற்றை ஆராய்ந்த அவர், அவர்கள் அனைவரும் இளம் பருவத்தில் பாலியல் வன்செயலுக்கு ஆளானவர்கள் என்றும், நோயின் வேர் அதுவே என்றும் கூறினார். அவைத் தலைமையில் இருந்த கிராஃப்ட்-எபிங், இது ஓர் அறிவியல் தேவதைக்கதைபோல் ஒலிக்கிறது என்று சொல்லி ஒதுக்கினார். மறு ஆண்டு செப்டம்பரில் ஃபிராய்டே தம் நண்பர் ஃபிளீஸுக்கு எழுதிய மடலில் அக்கருத்தில் தமக்கு இனி நம்பிக்கையில்லை என்று தெரிவித்தார். நோயாளிகள் நினைவென்று சொன்னவற்றுள் பெரும்பகுதி நிகழ்ச்சியன்று, ஆசையின் புனைவு என்ற முடிவுக்கு அவர் வந்தார். உளப்பகுப்பாய்வு என்ற பெருங்கட்டடம் எழுந்தது இந்த முடிவின் மேல்தான். நனவிலி மனத்தின் ஆற்றலை மனித குலத்துக்கு உணர்த்திய பெருமை இதற்கு உண்டு. அதே வேளையில், குழந்தைக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டதும் இதனால்தான். வன்செயல் நிகழ்வதே இல்லை என்று ஃபிராய்டு ஒருபோதும் சொல்லவில்லை. ஆயினும் அவர் வழிவந்தோர் நிகழ்ச்சியைவிடப் புனைவையே தேடப் பழகினர்.

இதனை விளக்க 1909இல் வெளிவந்த 'குட்டி ஹான்ஸ்' வரலாறு போதும். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் குதிரை கடித்துவிடும் என்று அஞ்சித் தெருவுக்கு வர மறுத்தான். அவனுடைய தந்தை ஃபிராய்டின் வட்டத்தைச் சேர்ந்த இசைத் திறனாய்வாளர் மாக்ஸ் கிராஃப். மகனுடைய பேச்சைக் குறித்து அவர் அனுப்ப, ஃபிராய்டு விளக்கம் எழுதினார். சிகிச்சை நடந்த காலத்தில் சிறுவனை அவர் நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறை. குதிரை என்பது தந்தை, அச்சம் என்பது தாய்மீது கொண்ட ஆசைக்குத் தண்டனை என்று விளக்கம் அமைந்தது. குழந்தை ஒன்றைப் பற்றிய முதல் பகுப்பாய்வு என்று கொண்டாடப்படும் இதுவுங்கூட, தந்தையின் செவிவழி வந்த செய்தியே என்பது நோக்கத்தக்கது. அச்சிறுவன் ஹெர்பர்ட் கிராஃப் என்ற பெயரில் இசைநாடக இயக்குநராகப் புகழ்பெற்று, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் பணியாற்றினான். 1922இல் பத்தொன்பது வயது இளைஞனாக அவன் ஃபிராய்டைக் காண வந்தபோது, தன் வரலாற்றைப் படித்தும் அது தன்னைப் பற்றியது என்றே தோன்றவில்லை என்று சொன்னான்.

கோட்பாட்டின் உள்ளிருந்தே எதிர்க்குரல்கள் எழாமலில்லை. ஹங்கேரியரான சாண்டோர் ஃபெரென்ஸி, வளர்ந்தோர் குழந்தைகளுக்கு இழைக்கும் உண்மையான கொடுமைகளைப் பற்றி 1932இல் வீஸ்பாடன் மாநாட்டில் பேசினார். ஃபிராய்டு அதனை விரும்பவில்லை. அக்கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவர 1949 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1926இல் லண்டனில் குடியேறிய மெலனி கிளைன் குழந்தைகளையே நேரில் எதிர்கொண்டார், விளையாட்டுப் பொம்மைகளின் வழி அவர்கள் மனத்தைப் படித்தார். எனினும் அவர் தேடியதும் உள்ளுலகப் புனைவுகளையே. 1938இல் ஜான் போல்பி என்ற இளம் மருத்துவர் கிளைனின் மேற்பார்வையில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை அளித்தார். அச்சிறுவனை நாள்தோறும் அழைத்துவந்த தாய் கடும் மனக்கலக்கத்தில் இருந்தார். அவருடன் பேசுவதற்குப் போல்பிக்கு அனுமதி இல்லை. சில மாதங்களில் அத்தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதனைக் கேட்ட கிளைனுக்கு எழுந்த கவலை, சிகிச்சை தடைப்பட்டதே, வேறொரு குழந்தையைத் தேட வேண்டுமே என்பதுதான் என்று போல்பி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தாயின் நிலைக்கும் மகனின் நிலைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கருதுவதற்கு அக்கோட்பாட்டில் அன்று இடமில்லை. பின்னாளில் போல்பி சென்ற வழி முழுவதையும் இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

போல்பி 1907இல் லண்டனில் பிறந்தவர். தந்தை புகழ்பெற்ற அறுவை மருத்துவர். அக்கால மேல்தட்டுக் குடும்பங்களின் வழக்கப்படி அவரை வளர்த்தவர் ஒரு செவிலி. அன்பு காட்டிய அச்செவிலி அவருடைய நான்காம் வயதளவில் வீட்டைவிட்டு நீங்கினார். இதிலிருந்து அவருடைய கோட்பாட்டைத் தருவிக்க முயல்வோர் உளர். அவ்வளவு எளிதாகக் கணக்குத் தீர்ப்பது முறையாகாது. அவர் ஆதாரமாகக் கொண்டவை வேறு. லண்டன் குழந்தை வழிகாட்டு நிலையத்தில் 1936 முதல் 1939 வரை தம்மிடம் வந்த இளந்திருடர் நாற்பத்து நால்வரின் வரலாற்றைத் திருடாத நாற்பத்து நால்வரின் வரலாற்றோடு ஒப்பிட்டு 1944இல் அவர் வெளியிட்டார். திருடிய சிறாருள் பதினால்வர் எவர்மீதும் அன்போ குற்றவுணர்வோ இல்லாதவராய்க் காணப்பட்டனர். அப்பதினால்வருள் பன்னிருவர் ஐந்து வயதுக்கு முன்னர்த் தாயைவிட்டு நெடுங்காலம் பிரிந்திருந்தவர்கள். மற்ற முப்பது திருடருள் அத்தகையோர் ஐவர், திருடாதாருள் இருவர். உரையாடியவரும் போல்பியே, இன்னார் அன்பற்றவர் என்று வகைப்படுத்தியவரும் போல்பியே என்பதால் இவ்வெண்களை ஐயத்துடனேயே ஏற்க வேண்டும். ஆயினும் பிரிவு என்ற புறநிகழ்ச்சி ஒன்றை எண்ணிக் காட்டலாம் என்ற துணிவு இத்துறைக்கு இதனால் வாய்த்தது.

அதற்குள் போர் மூண்டுவிட்டது. 1939 செப்டம்பர் முதல் நாட்களில் பிரிட்டனின் நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெற்றோரைப் பிரிந்த பள்ளிச் சிறார். இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைத் தாயின்றி அனுப்புவது கடுமையான உளச்சிக்கலை விளைவிக்கும் என்று எச்சரித்துப் போல்பியும் வின்னிகாட்டும் மில்லரும் அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினர்.

ஃபிராய்டு நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் லண்டனுக்கு வந்து, போர் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் மறைந்திருந்தார். அவருடைய மகள் அன்னா, தோழி டோரதி பர்லிங்காமுடன் சேர்ந்து 1941இல் ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். ஓர் அமெரிக்க அறநிறுவனம் பொருளுதவி செய்தது. 1945 வரை ஏறக்குறைய 190 குழந்தைகள் அங்கே வாழ்ந்தனர். தாய்மார் எந்நேரமும் வரலாம் என்பது அங்குள்ள விதி. மற்றொரு விதியும் உண்டு: பணியாளர் ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுத வேண்டும். சமையல் செய்பவருக்கும் விலக்கில்லை. குழந்தை எப்போது அழுதது, எதைக் கேட்டது, தாய் வந்து போனபின் எப்படி இருந்தது என ஆயிரக்கணக்கான குறிப்புகள் குவிந்தன. குண்டுவீச்சின் நடுவிலும் தாயோடிருந்த குழந்தைகள் பெரிதும் கலங்கவில்லை, பாதுகாப்பான இடத்தில் தாயைப் பிரிந்திருந்த குழந்தைகளே நிலைகுலைந்தனர் என்ற உண்மை அவற்றிலிருந்து புலப்பட்டது.

கட்டடப் பராமரிப்பு, கொதிகலன், இரவுத் தீக்காவல் ஆகிய பணிகளுக்காக அவ்வில்லத்தில் அமர்ந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்தின் உழைப்பாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்து, எஃகு ஆலையில் வேலை பார்த்து, போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராதென மறுத்தவர். அவருடைய மனைவி ஜாய்ஸ் அவருக்கு முன்பே அங்கே குழந்தைகளைப் பேணிக்கொண்டிருந்தார். கொதிகலன் பார்த்தவரும் அட்டை எழுதினார். குழந்தைகளைக் காணக் கற்றது அங்கேதான் என்று ராபர்ட்சன் எப்போதும் சொல்லி வந்தார். உளப்பகுப்பாய்வு வரலாற்று நூல்கள் பலவற்றில் இவருக்கு ஒரு பத்திக்கு மேல் கிடைப்பதில்லை. என் கருத்தில், அவ்வரலாற்றின் போக்கை மாற்றியவருள் இவர் முதன்மையானவர்.

1948இல் போல்பி டாவிஸ்டாக் நிறுவனத்தில் தம் ஆய்வுக்கு இவரைச் சேர்த்துக்கொண்டு, மருத்துவமனைக் குழந்தைகளை நோக்கி வருமாறு அனுப்பினார். அக்கால லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரத்தை இன்று படிப்போர் நம்பத் தயங்குவர். கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு மட்டும் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. செயின்ட் தாமஸில் முதல் மாதம் முழுவதும் பார்வையில்லை. குழந்தை உறங்கும்போது மாலையில் வந்து பார்த்துப் போகலாம். இவ்விதிகளை வகுத்தோர் கொடியவர் அல்லர். தொற்றுநோய் பற்றிய அச்சம் அவர்களுக்கு இருந்தது. அதனினும் வலிய காரணம், பெற்றோர் வந்து போகும்போது குழந்தைகள் அழுதன என்பது. வராவிட்டால் சில நாட்களில் அமைதியடைந்தன. 'பழகிவிட்டது' என்று செவிலியர் அதற்குப் பெயர் சொன்னார்கள்.

அந்தப் பழக்கம் யாது என்பதையே ராபர்ட்சன் மாதக்கணக்கில் நோக்கினார். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் கதறி எதிர்க்கிறது, கதவையே பார்த்திருக்கிறது. அடுத்து நம்பிக்கை இழந்து ஓசையடங்கி ஒடுங்குகிறது; செவிலியர் மகிழ்வது இந்நிலையில்தான். இறுதியில் அது யாரோடும் சிரிக்கிறது, தின்பண்டம் தருபவரிடம் செல்கிறது. தாய் வரும்போது முகம் திருப்பிக்கொள்கிறது. எதிர்ப்பு, நம்பிக்கை இழப்பு, விலகல் என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற மூன்று நிலைகள் இவை. கண்டதைச் சொன்னபோது மருத்துவர் எவரும் ஏற்கவில்லை. எனவே, அதுவரை திரைப்படக் கருவியைத் தொட்டறியாத ராபர்ட்சன் சிறு கருவியொன்றை வாங்கினார்.

1951 ஆகஸ்ட்டில் சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாட்கள் தங்கவிருந்த, இரண்டு வயது ஐந்து மாதமான லாரா என்ற சிறுமி படத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். வேண்டியதை மட்டும் எடுத்தார் என்ற பழி வரக்கூடாது என்பதற்காக நாள்தோறும் குறித்த நேரங்களில் மட்டுமே படம் எடுக்கப்பட்டது. சுவர்க் கடிகாரமும் சட்டத்துக்குள் அமைந்தது. லாரா பெரும்பாலும் அழவில்லை. வயதுக்கு மீறிய அடக்கமுள்ள குழந்தை அவள். பொம்மைக் கரடியை இறுக அணைத்துக்கொண்டு, அம்மா எங்கே என்று அவ்வப்போது மெல்லக் கேட்கிறாள். உடனே வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறாள். தாய் வரும்போது ஓடி வரவில்லை. முகம் இளகச் சில நிமிடங்கள் ஆகின்றன, ஒவ்வொரு நாளும் சற்றுக் கூடுதலாக ஆகின்றன. வீடு திரும்பும் நாளில் தன் பொருள்களையெல்லாம் திரட்டிக்கொண்ட அவள், தாயின் கையைப் பற்ற மறுத்து நடந்து செல்கிறாள்.

1952 நவம்பரில் அரச மருத்துவக் கழகத்தில் ஏறத்தாழ முந்நூறு மருத்துவரும் செவிலியரும் அமர்ந்து இதனைப் பார்த்தனர். படம் முடிந்ததும் அவையில் சினம் பொங்கியது. இக்குழந்தை விதிவிலக்கு என்றனர். மருத்துவத் துறைக்கே அவதூறு, படத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றனர். சினந்தவருள் ஒருவர் அமர்ஷம் மருத்துவமனையின் டெர்மட் மக்கார்த்தி. திரும்பிச் சென்று தம் வார்டின் தலைமைச் செவிலியிடம் குறைகூறியபோது, படம் சொல்வது உண்மையே என்று அவர் விடையிறுத்தார். அதன் பின்னரே, நாள்தோறும் தாம் கடந்துபோன கட்டில்களிலிருந்து எழும் ஓசை மக்கார்த்தியின் காதில் விழுந்தது. தாய்மாரைத் தங்க அனுமதித்த அவருடைய வார்டிலேயே ராபர்ட்சனின் அடுத்த படம் உருவாகி 1958இல் வெளிவந்தது. சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக்குழு 1959இல், குழந்தைகளைப் பெற்றோர் எந்நேரமும் பார்க்கலாம், ஐந்து வயதுக்குட்பட்டோருடன் தாய் தங்க வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் கிடக்க, 1961இல் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் ராபர்ட்சன் பேசியதைக் கேட்ட லண்டன் தாய்மார் சிலர் சங்கம் அமைத்து மருத்துவமனை தோறும் சென்று கேட்ட பின்னரே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

லாரா பற்றிய ஒரு செய்தியை இங்கே விட்டுவிட இயலாது. வீடு திரும்பி ஆறு மாதம் கழிந்தபின், அவள் குடும்பத்துக்குப் படம் காட்டப்பட்டபோது எதிர்பாராமல் அவளும் அதனைப் பார்த்துவிட்டாள். விளக்கு எரிந்ததும் முகம் சிவந்து, இத்தனை நாளும் நீ எங்கே இருந்தாய் என்று தாயைக் கேட்டு அழுதாள். ஆறுதலுக்குத் தந்தையிடம் சென்றாள். பழகிவிட்டது என்று மருத்துவமனை எழுதி முடித்த கணக்கு, அந்த மூன்று வயது மனத்தில் முடிந்திருக்கவில்லை.

இத்தகைய நோக்கல்களின் மேல் போல்பி 1958 முதல் எழுப்பிய கோட்பாட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'பற்று' என்பதே நேரான சொல். ஆனால் நம் சமய மரபில் பற்று அறுக்கப்பட வேண்டிய ஒன்றாகிவிட்டது. போல்பி சொன்னதோ நேர்மாறு: குழந்தை தாயை நாடுவது பாலுக்காகவோ காமத்துக்காகவோ அன்று, அணுக்கமே அதன் உயிர்த்தேவை. ஆகவே 'பிணைப்பு' என்றே வழங்குகிறேன். அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ வளர்த்த குரங்குக் குட்டிகள், பால் சுரந்த கம்பித் தாயைவிட்டுத் துணி போர்த்த தாயையே கட்டிக்கிடந்தன என்ற செய்தியும் அவ்வாண்டே வெளிவந்தது. உளப்பகுப்பாய்வாளர் உவக்கவில்லை. குழந்தையும் துக்கம் காக்கிறது என்று போல்பி 1960இல் எழுதியபோது மறுத்து எழுதியோருள், யாருடைய இல்லத்தின் அட்டைகளிலிருந்து இவ்வறிவு தொடங்கியதோ அந்த அன்னா ஃபிராய்டும் இருந்தார் என்பது வரலாற்றின் முரண். 1973இல் வெளிவந்த நூலில் போல்பி குட்டி ஹான்ஸை மீண்டும் படித்தார். ஃபிராய்டின் பக்கங்களிலேயே ஒரு குறிப்பு இருந்தது: கீழ்ப்படியாவிட்டால் விட்டுப் போய்விடுவேன் என்று தாய் அவனை அச்சுறுத்தியிருந்தாள். தெருவுக்கு வர அவன் அஞ்சியதன் அடியில், திரும்பி வரும்போது அம்மா இருக்கமாட்டாளோ என்ற அச்சம் இருந்தது என்பது போல்பியின் விளக்கம். 64 ஆண்டுகளாக அச்சில் இருந்த ஒரு வரியை யாரும் பொருட்படுத்தவில்லை.

இக்கோட்பாட்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. பெண்ணாக இருந்து இதனைப் படிப்பவர் அதைக் காணாமல் இருக்க இயலாது. உலக நல நிறுவனத்துக்காகப் போல்பி எழுதி 1951இல் வந்த அறிக்கையும் அதன் மலிவுப் பதிப்பும் பல மொழிகளில் பரவின. போர்க்காலத்தில் திறந்த பகல்நேரக் காப்பகங்களை அரசுகள் அதற்கு முன்பே மூடத் தொடங்கிவிட்டன. எனினும் வேலைக்குச் செல்லும் தாயைக் குற்றக்கூண்டில் நிறுத்த அந்நூல் துணைக்கழைக்கப்பட்டது. அனாதை இல்லங்களையும் நெடும் பிரிவுகளையும் பற்றிய சான்றுகளை, மாலையில் வீடு திரும்பும் தாய்க்கும் பொருத்தினார்கள். குழந்தை பலருடைய கையில் வளரும் சமூகங்களைச் சுட்டி மானிடவியலறிஞர் மார்கரெட் மீட் இதனை மறுத்தார். தாயைத் தாங்கும் பொறுப்பு சமூகத்துக்கு உண்டு என்று அதே அறிக்கையில் போல்பி வற்புறுத்திய பகுதிகளை மேற்கோள் காட்டியவர் குறைவு. பாட்டியும் அத்தையும் சித்தியும் சூழ வளர்ந்த நமக்கு மீட்டின் வாதம் எளிதில் விளங்கும்.

திருத்தமும் ராபர்ட்சன் தம்பதியரிடமிருந்தே வந்தது. 1960களின் இறுதியில் தாய் மகப்பேற்றுக்குச் சென்றிருந்த நாட்களில் கேட், தாமஸ், லூசி, ஜேன் ஆகிய நான்கு குழந்தைகளை ஒருவர்பின் ஒருவராகத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணிப் படமெடுத்தனர். ஒருவரே முழுநேரமும் அருகிருந்தார். தாயைப் பற்றிய பேச்சும் அவர் பொருள்களும் மறைக்கப்படவில்லை. அக்குழந்தைகள் வருந்தினர், ஆனால் நொறுங்கவில்லை. அதே காலத்தில் செவிலியர் மாறிமாறிப் பார்த்த இல்லமொன்றில் ஒன்பது நாள் விடப்பட்ட 17 மாத ஜான் முற்றிலும் நொறுங்கினான். கேடு விளைவிப்பது பிரிவு மட்டுமன்று, பிரிவின்போது பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமையே என்று அவர்கள் எழுதினர். இதில் போல்பியோடு அவர்களுக்கு வேறுபாடும் உண்டாயிற்று. மைக்கேல் ரட்டர் 1972இல் சான்றுகளையெல்லாம் மறு ஆய்வு செய்து, சிறார் குற்றச்செயல்களோடு பிரிவைவிடக் குடும்பப் பூசலே நெருங்கிய தொடர்புடையது என்றும், பிணைப்பு தாய் ஒருவருக்கே உரியதன்று என்றும் காட்டினார். 1990க்குப் பின் ருமேனிய அனாதை இல்லங்களிலிருந்து பிரிட்டனில் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளை அவருடைய குழுவினர் தொடர்ந்து நோக்கினர். ஆறு மாதத்துக்குள் மீட்கப்பட்டோர் பெரும்பாலும் தேறினர். அதற்கு மேலும் அங்கே கிடந்தோருள் பலரிடம் வடு நீங்கவில்லை, சிலரிடமோ நீங்கியது.

அப்படியாயின் குழந்தைமை ஆளுமையை எவ்வளவு உருவாக்குகிறது? 1970களின் நடுவில் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கி, குழந்தைகளைப் பிறப்பு முதல் வளர்பருவம் கடந்தும் தொடர்ந்த ஆய்வு, முதலாண்டின் பிணைப்புக்குப் பிற்கால நட்பிலும் உறவிலும் பங்கு உண்டென்றும், இடையில் வரும் வாழ்வு அதனை மாற்றவும் வல்லதென்றும் கண்டது. இன்னும் நுட்பமான விடையை, மேரி எயின்ஸ்வொர்த்தின் மாணவியான மேரி மெயின் 1985இல் அளித்தார். பெற்றோராகிவிட்ட மனிதர்களிடம், உங்கள் தாயோடு இருந்த உறவை ஐந்து சொற்களால் கூறுங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நினைவைச் சொல்லுங்கள் என்று அவருடைய குழுவினர் கேட்டனர். அன்பானவர், இனியவர் என்று அடுக்கிவிட்டு ஒரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வராமல் நின்றவர்கள் இருந்தனர். அடியும் புறக்கணிப்பும் நிறைந்த இளமையைக் கோவையாகவும், தாயின் நிலையை உணர்ந்தும், தம் வலியை மறைக்காமலும் சொன்னவர்கள் இருந்தனர். அவர்களுடைய குழந்தைகள் பெற்றோரை எப்படி வரவேற்றன என்பது முன்னரே தனியாகப் பதிவாகியிருந்தது. இரண்டாம் வகையினரின் குழந்தைகள், தாய் அறைக்குள் திரும்பி வந்ததும் நேராக அவளிடம் சென்றன. முதல் வகையினரின் குழந்தைகள் பெரும்பாலும் பொம்மையைப் பார்த்துக் குனிந்துகொண்டன.